பச்சை எனாமலுக்கு அடியில்

என் மாமனார் திமிரியில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் அது நடந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, ஜன்னலுக்கும் கேட்டுக்கும் பெயிண்ட் பூசுவது எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் வழக்கம். பெயிண்ட் வாடை பட்டால் அவருக்கு இளைப்பு வந்துவிடும். அதனால் வேலை முடிகிற வரைக்கும் தம்பி வீட்டில் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி. நான் ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போய்விடுவேன். பெயிண்டரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவோம். நாணயமான ஆள்.

கடைசி நாள் சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது பெயிண்டர் வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"சார், உள்ள போய்ப் பாருங்க. பெரியவரோட ஏரோப்ளேன் ரெண்டும் டல்லடிச்சுப் போய்க் கெடந்துச்சு. ஜன்னலுக்கு வாங்குன பெயிண்ட் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. ஒரு கோட்டிங் குடுத்துட்டேன். காசு ஒண்ணும் வேணாம் சார்."

உள்ளே போனேன். சுண்ணாம்பு அடிப்பதற்காக ஷோகேஸை நகர்த்தியபோது அதிலிருந்த மாமனாரின் இரண்டு மாதிரி விமானங்களையும் ஜன்னல் விளிம்பில் எடுத்து வைத்திருந்தோம். இரண்டும் இப்போது ஜன்னல் கம்பியைப் போலவே பளபளவென்று பச்சையாக இருந்தன. இறக்கை, வால், சக்கரம், விமானி உட்காரும் இடத்துக் கண்ணாடி, எதையும் அவர் விடவில்லை. திட்டுவதற்கு வாய் வரவில்லை. ஒருவர் ஆசையாகச் செய்ததற்கு என்னவென்று திட்டுவது?

மாமனார் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த இரண்டில் ஒன்று பிளாஸ்டிக். வெளிநாடு போய்வந்த ஓர் ஆபீசர் கொடுத்த பெட்டியிலிருந்து துண்டு துண்டாக எடுத்து அவரே ஒட்டியது. இன்னொன்று உலோகம். பணியிலிருந்து விடைபெற்று வரும்போது கூட வேலை செய்தவர்கள் ஒர்க்‌ஷாப்பில் வார்த்துக் கொடுத்தது. இரண்டுக்கும் வர்ணம் பூசியது அவர்தான். அந்த வீட்டோடு மாப்பிள்ளையாக நான் வந்து சேர்ந்த நாளிலிருந்து இந்தச் சுண்ணாம்பு வேலை வரைக்கும், அந்த ஷோகேஸ் கதவை அவரைத் தவிர வேறு யாரும் திறந்து பார்த்ததில்லை.

திமிரியிலிருந்து வந்தவர் செருப்பைக் கழற்றினார், ஜன்னலைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்து நான் காபி குடித்துக்கொண்டிருந்த மேசையில் வைத்தார்.

"நீதான கெமிஸ்ட்டு. எடுத்துக் குடு."

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

நான் கெமிஸ்ட் என்பது உண்மை. ஆனால் என் வேலை இதற்கு நேர் எதிர். தோலுக்குக் கடைசியாகப் பூசுகிற நிறமும் பளபளப்பும் தயாரிக்கிற சின்ன கம்பெனியில் இருந்தேன். ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ தோல் பதனிடும் ஏதாவது டேனரியில் நிறம் உரிகிறது என்று புகார் வந்தால் நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மடித்தால் வெடிக்கக்கூடாது, ஈரத்துணியால் தேய்த்தால் வரக்கூடாது, செருப்புப் பட்டறையில் இஸ்திரி வைத்தாலும் ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும். நாள் முழுக்க ஒட்டவைப்பதற்கு வழி தேடிவிட்டு, வீட்டுக்கு வந்து உரிப்பதற்கு வழி தேடுகிற நிலைமை எனக்கு.

முதலில் தின்னரைத்தான் நினைத்தேன். எடுத்ததும் விமானத்தில் வைக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. குளியலறையில் இருந்த பிளாஸ்டிக் மக்கின் அடிப்பக்கத்தில் தின்னர் நனைத்த துணியை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பிளாஸ்டிக் தாங்குகிறது என்று தைரியம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் புழக்கடையில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் விமானத்தின் இறக்கை நுனியில் அதே துணியை வைத்துத் தேய்த்தேன்.

பச்சை வந்தது. உடனே வந்தது. ஆனால் அதன் கூடவே இறக்கையும் வந்தது. என் கட்டைவிரலுக்கு அடியில் அது வெண்ணெய் மாதிரி இளகி, விரலை எடுத்தபோது நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. பிளாஸ்டிக் என்றால் எல்லாம் ஒரே பொருள் இல்லை என்பது கல்லூரியில் படித்ததுதான். மக்கு ஒரு ஜாதி, விமானம் வேறு ஜாதி. அந்த நேரத்தில் அது மண்டையில் ஏறவில்லை. இறக்கை நுனியில் என் கைரேகை பதிந்த ஒரு பள்ளம் விழுந்துவிட்டது.

மாமனார் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்விட்டார்.

"அப்பா இன்னா சொல்றாரு?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. மத்தியானம் சாப்பாடு வேணாம்னாரு."

அதற்குப் பிறகு எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மெடிக்கல் ஷாப்பில் ஸ்பிரிட் வாங்கிவந்து பஞ்சில் நனைத்துத் தேய்த்தேன். பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பெயிண்ட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பளபளப்பு மட்டும் கொஞ்சம் மங்கியது. மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். வீடெல்லாம் ஸ்டவ் வாடை அடித்ததுதான் மிச்சம். சோப்புத்தூள் கரைத்த வெந்நீர் வைத்தேன், அதுவும் இல்லை. இதற்கிடையில் ஒவ்வொரு நாளும் அந்த எனாமல் பெயிண்ட் இன்னும் இறுகிக்கொண்டிருந்தது. எனாமல் காய்வது வேறு, முற்றுவது வேறு. தொட்டால் ஒட்டாது என்பதோடு அது நிற்பதில்லை, மாதக்கணக்கில் உள்ளுக்குள் கெட்டியாகிக்கொண்டே போகும். இதை என் வேலையிலேயே பத்துப் பேருக்கு விளக்கியிருக்கிறேன். வீட்டில் அது எனக்கு எதிராக நடந்துகொண்டிருந்தது.

பிளாஸ்டிக்கை ஒதுக்கி வைத்துவிட்டு உலோக விமானத்தைக் கையில் எடுத்தேன். உலோகம் கரைந்துவிடாது, அது சுலபம் என்று நினைத்தேன்.

கம்பெனியில் கூட வேலை பார்த்தவர் ஒருவர், "காஸ்டிக் சோடா தண்ணில போடுங்க சார், காலைல பாத்தா தோல் மாதிரி உரிஞ்சு கெடக்கும். எதுக்கு இவ்ளோ பேஜார்?" என்றார். நல்ல யோசனைதான், ஆனால் எந்த உலோகம் என்று தெரிய வேண்டும். இரும்பு என்றால் பரவாயில்லை. அலுமினியம் என்றால் காஸ்டிக் அதைத் தின்றுவிடும், நுரை கக்கிக்கொண்டு கொதிக்கும், எரியக்கூடிய வாயு வேறு கிளம்பும். வயிற்றுப்பக்கம் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. கையில் கனமில்லை. கலவை என்ன என்று வார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அதற்கு அடுத்தபடியாக மாமனாருக்கு. அவரோ என்னோடு பேசுவதில்லை.

சாப்பிடும் நேரம். அவர் எனக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அது இன்னா மெட்டல்னு அப்பாவக் கேளு," என்றேன் மனைவியிடம்.

"எதிர்லதான இருக்காரு. நீங்களே கேளுங்களேன்."

"எனக்குப் பதில் சொல்ல மாட்டாரு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே, "அலுமினியம்னு சொல்லு," என்றார்.

"அலுமினியமாம்."

"கேட்டுச்சு."

அத்தோடு காஸ்டிக் ஒழிந்தது. ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் ரிமூவர் ஒரு டப்பா வாங்கினேன். கஞ்சி மாதிரி இருக்கும் அது. பிளாஸ்டிக்கைப் பாழாக்கிவிடும், உலோகத்தை ஒன்றும் செய்யாது என்று கடைக்காரர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டு, புழக்கடையில் காற்று வருகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மனைவி வாங்கிவந்த ரப்பர் கிளவுஸ் கையில். பழைய பிரஷ்ஷால் விமானம் முழுக்கப் பூசினேன். ஒரு சொட்டு முழங்கைக்குக் கீழே தெறித்து, நெருப்பு சுட்டது போல் எரிந்தது. குழாயடிக்கு ஓடிக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் பச்சை கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. மூங்கில் குச்சியால் லேசாகத் தள்ளினேன். பாளம் பாளமாக விழுந்தது. இத்தனை வார எரிச்சலும் ஒரேயடியாகத் தீர்ந்த மாதிரி இருந்தது. கழுவித் துடைத்தபோது வெயிலில் வெள்ளி மாதிரி மின்னியது.

பெருமையோடு உள்ளே கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். வால் பக்கத்தை விரலால் தடவினார்.

"என் பெயிண்ட் எங்க?" என்றார். பல வாரங்களுக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

மேலே இருப்பதை எடுக்க வேண்டும் என்பதை மட்டும்தான் நான் யோசித்திருந்தேன். மேலே இருந்த பச்சையை எடுத்துச் செல்லும் மருந்துக்கு, அடியில் இருப்பது வேறு யாருடையது என்று எப்படித் தெரியும்? சாம்பல் நிறம், வட்ட முத்திரை, வாலில் இருந்த எண், எல்லாம் பச்சையோடு சேர்ந்து புழக்கடைச் செய்தித்தாளில் சகதியாகக் கிடந்தன.

அவர் அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. வேலைக்குப் போகிற மனுஷன் லீவு போட்டுவிட்டு, கையைச் சுட்டுக்கொண்டு செய்கிறேன், ஒரு பொம்மை விமானத்துக்காக இப்படியா என்று மனைவியிடம் குரலை உயர்த்தினேன். "புதுசா பெயிண்ட் வாங்கி அதே கலர் அடிச்சுட்டாப் போச்சு. நம்பர் எழுதறதா பெரிய விஷயம்? அவரே எழுதினதுதான, மறுபடி எழுதட்டும்."

அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"நம்பர் அப்பா எழுதல. அம்மா எழுதினது."

என் மாமியாரை நான் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். தொடக்கப்பள்ளி டீச்சர். அவர் கரும்பலகையில் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும் என்று சொல்வார்கள். விமானப்படைக் குவார்ட்டர்ஸில் இருந்த கடைசி நாட்களில் மாமனார் வர்ணம் அடித்து முடித்ததும், அவருடைய தடித்த விரலுக்கு அத்தனை சின்ன எழுத்து வராது என்று, மெல்லிய பிரஷ்ஷை வாங்கி இரண்டு விமானத்திலும் எண்ணை எழுதியது மாமியார்தானாம்.

"இத்தனை நாளா ஒருத்தர் சொல்லக்கூடாதா?"

"அப்பா சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

"உங்கப்பா என்கிட்ட பேசவே இல்லையே!"

"நீங்களும் எதுக்கு இப்படி இருக்காருன்னு ஒரு தடவ கேக்கலயே."

அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான். முக்கியமானது எதுவோ அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அடுத்தவருக்குத் தெரிந்திருக்கும் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டிருப்பார்கள். தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இப்போது மிச்சமிருந்தது பிளாஸ்டிக் விமானம் மட்டும். அதன் வாலிலும் பச்சைக்கு அடியில் அந்த அம்மாவின் கையெழுத்து இருந்தது. இனி வேலை வேறு. எல்லாவற்றையும் உரிப்பதல்ல. மேலே ஜன்னல் பெயிண்ட், அடியில் பழைய பெயிண்ட், அதற்கும் அடியில் தொட்டால் கரைகிற பிளாஸ்டிக். நடுவில் இருப்பதைத் தொடாமல் மேலே இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். முடியாது என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். பொங்கல் வந்து போனது. விமானம் பச்சையாகவே இருந்தது.

ஒரு நாள் ஆம்பூரில் ஒரு டேனரியிலிருந்து புகார். கறுப்புத் தோலில் பூச்சு தூளாக உதிர்கிறதாம். பஸ் பிடித்துப் போய் இறங்கினால், வாசலில் மேனேஜர் கார் டிரைவரைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார். பிரேக் ஆயில் ஊற்றும்போது டப்பாவை மட்கார்டு மேல் வைத்து, அது சாய்ந்து வழிந்து, பெயிண்ட் சுருங்கிப்போயிருந்தது. நான் கிட்டே போய்ப் பார்த்தேன். ஆயில் வழிந்த பாதையில் ஓரிடத்தில் பெயிண்ட் சுருங்கிச் சுருங்கித் தோல் மாதிரி கழன்றிருந்தது. அதே ஆயில் வழிந்த அடுத்த பாகத்தில் லேசாக மங்கியதோடு சரி.

"இந்த எடம் மட்டும் ஏன் ஜாஸ்தி போயிருக்கு?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"அங்க ஒரு கீறல் இருந்துச்சு சார். போன மாசந்தான் டச்சப் பண்ணோம். மத்ததெல்லாம் கம்பெனி பெயிண்ட்."

"சார், நீங்க தோல் பாக்க வந்தீங்களா, கார் பாக்க வந்தீங்களா?" என்றார் மேனேஜர்.

தோலைப் பார்த்தேன். என்ன பார்த்தேன், என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. புதிய பெயிண்ட் முதலில் போகிறது, முற்றிய பெயிண்ட் தாக்குப்பிடிக்கிறது. அது மட்டும்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மாமனாரின் பெயிண்ட் முற்றிப் பல வருஷம் ஆகியிருந்தது.

ஆனால் பிளாஸ்டிக்? இந்தத் தடவை குளியலறை மக்கை நம்பவில்லை. அந்த விமானம் எந்தப் பிளாஸ்டிக்கோ அதே பிளாஸ்டிக் வேண்டும். பெட்டியில் பாகங்கள் ஒட்டிக்கொண்டு வந்த பிளாஸ்டிக் சட்டம் மிச்சம் இருக்குமா என்று மனைவி மூலமாக இல்லாமல் நானே கேட்டேன்.

"மாமா, அதோட மிச்ச பிளாஸ்டிக் ஏதாவது இருக்குதா? முதல்ல அதுல பாத்துட்டு அப்புறம்தான் இதத் தொடுவேன்."

அவர் கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியை இழுத்து, அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்து, சட்டத்தின் ஒரு துண்டைக் கையில் கொடுத்தார். எதையும் தூக்கிப்போடாத மனுஷன்.

அந்தத் துண்டில் பாதியைப் பிரேக் ஆயிலில் மூழ்க வைத்தேன். மறுநாள் எடுத்து வளைத்துப் பார்த்தேன், நகத்தால் கீறிப் பார்த்தேன். இளகவில்லை, ஒட்டவில்லை. அதன் பிறகுதான் விமானத்தில் வைத்தேன், அதுவும் யாரும் பார்க்காத வயிற்றுப்பக்கத்தில். தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, ஒரு நயா பைசா அளவு இடத்தில் தடவிக் காத்திருந்தேன். பச்சை மெதுவாகச் சுருங்கியது. ஈரப் பஞ்சால் ஒற்றினேன். அடியில் சாம்பல் நிறம் தெரிந்தது. மாமனாரின் சாம்பல் நிறம்.

அதற்கப்புறம் வந்த ஞாயிறுகள் எல்லாம் அதிலேயே போயின. கையில் கிளவுஸ், பக்கத்தில் சோப்புத் தண்ணீர், பழைய செய்தித்தாள். தடவு, காத்திரு, ஒற்று, சோப்புத் தண்ணீரால் துடை, மறுபடி தடவு. அழுக்குப் பஞ்சையெல்லாம் ஒரு டப்பாவில் சேர்த்துவைப்பேன், சாக்கடையில் விடமாட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் கழுத்து விட்டுப்போகும். சில இடத்தில் பச்சை மயிரிழை அளவு மிச்சம் நிற்கும். பொறுமை இழந்து இன்னொரு முறை ஒற்றினால் சாம்பலும் சேர்ந்து வந்துவிடும். வலது இறக்கையின் சாம்பல் அப்படித்தான் போய்விட்டது. விமானி இருக்கும் இடத்துக் கண்ணாடி பழைய தெளிவுக்குத் திரும்பவேயில்லை, பால் கலந்த தண்ணீர் மாதிரி மங்கலாக நின்றது. எத்தனையோ முறை பஞ்சை எறிந்துவிட்டு எழுந்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். எல்லாரும் ஞாயிற்றுக்கிழமையை அனுபவிக்கிறார்கள், நான் தீக்குச்சியோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று வயிறெரியும்.

வாலைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அந்த ஞாயிறு, மாமனார் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் போட்டார்.

"உங்களுக்கு வாடை ஒத்துக்காது, மாமா."

"பரவாயில்ல. நீ செய்."

தடவினேன். காத்திருந்தேன். ஒற்றினேன். ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. அவர் குனிந்தார். அவர் மூச்சு என் காதருகே இரைந்தது. இன்னும் கொஞ்சம் ஒற்றினேன். ஓர் எண் முழுசாக வந்தது. அடுத்தது வந்தது. நேரான, மெல்லிய, ஒரே அகலமுள்ள கோடுகள். அச்செழுத்து என்று சொன்னால் நம்பியிருப்பேன். மூன்றாவது எண்ணின் மேல் பாதி வந்தபோது, அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போதும், மாப்ளே. நிறுத்திடு."

"இன்னும் பாதி இருக்குது மாமா. அதுக்கப்புறம் ஒரு நம்பர் வேற. மெதுவா எடுத்துருவேன்."

"போயிருச்சுன்னா?"

போகாது என்று சொல்ல முடியாது. வலது இறக்கை எதிரிலேயே இருந்தது.

"இருக்கறது இருக்கட்டும்," என்றார்.

சோப்புத் தண்ணீரில் துடைத்து, நல்ல தண்ணீரால் அலசி, பழைய வேட்டித் துணியில் ஒற்றிக் கொடுத்தேன். இரண்டரை எண்ணும் மிச்சம் பச்சையுமாக அந்த வால் பார்ப்பதற்கு அசிங்கமாகத்தான் இருந்தது. என் வேலையில் ஒரு தோல் இப்படி வந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். இன்னும் ஒரு ஞாயிறு கொடுத்தால் முடித்துவிடலாமே என்று எனக்குக் கை அரித்தது. அவர் விடவில்லை. அதற்குப் பிறகும் கேட்டுப் பார்த்தேன், விடவேயில்லை. அரைகுறையாக நின்ற அந்த வாலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஆனால் அன்றைக்கு அவர் எழுந்து போகவில்லை. விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே இருந்தார்.

"இத எழுதறப்ப அவ என்னை மூச்சு விடாதன்னா," என்றார். "நான் வெளிய போய் நின்னுட்டேன். அடுப்புல பால் வச்சிருந்தா. அது பொங்கி வழிஞ்சு, அடுப்பே அணைஞ்சு போச்சு. ரெண்டு பேருக்கும் தெரியல. கடைசி நம்பர முடிச்சுட்டு இன்னா வாடைன்னு என்னைக் கேக்குறா."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் இன்னா, அன்னைக்குப் பூராவும் வரக்காபிதான்."

மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கதை அவளுக்கும் புதிதாம்.